இளகும் மண், சிவக்கும் ஆறு

அலாஸ்காவின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, ப்ரூக்ஸ் மலைத்தொடர் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டருக்குக் கிடக்கிறது. அதன் மேற்குக் கோடியில் ஊற்றெடுத்துத் தெற்கே ஓடி, கோபுக் என்ற பெரிய ஆற்றில் கலக்கிறது சால்மன் ஆறு. எழுத்தாளர் ஜான் மெக்ஃபீ 1970களில் அதில் படகு விட்டுப் போனார். அலாஸ்காவைப் பற்றி 1977இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் இந்த ஆற்றில்தான் தொடங்குகிறது. அதன் நீரின் தெளிவைக் கண்டு அவர் வியந்துபோனார். 1980இல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு அதைப் பாதுகாக்கப்பட்ட இயற்கை ஆறுகளில் ஒன்றாக அறிவித்தது. கரையில் ஊர் கிடையாது. சாலை, சுரங்கம், ஆலை எதுவும் கிடையாது. ஓர் ஆற்றைக் கெடுக்க மனிதர்கள் வழக்கமாகச் செய்யும் எதையும் அதன் கரையில் யாரும் செய்யவில்லை.

2019 கோடையில் அந்த ஆறு கலங்கி, செம்மஞ்சளாக மாறியது. அதன்பிறகு பழைய தெளிவுக்குத் திரும்பவில்லை.

சால்மன் ஆறு தனித்துப்போன விதிவிலக்கு அல்ல. அமெரிக்க தேசியப் பூங்கா சேவையில் பணியாற்றும் ஜான் ஓடானல் அப்பகுதி ஆறுகளில் நீர் மாதிரி எடுக்கப் போனபோது, 2018இல் தெளிவாக இருக்க வேண்டிய ஓடைகள் துருநிறத்தில் ஓடுவதைக் கவனித்தார். விமானிகளும் பூங்காப் பணியாளர்களும் ஆங்காங்கே கண்டதைச் சேர்த்து, செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மலைத்தொடரின் நீளத்துக்கு 75 ஓடைகள் நிறம் மாறியிருந்தது தெரியவந்தது. 2024இல் அந்த ஆய்வு வெளியானது. பல ஓடைகளை ஹெலிகாப்டரில் மட்டுமே எட்ட முடியும். அவ்வளவு ஒதுங்கிய இடங்களில்தான் இது நடந்துகொண்டிருக்கிறது.

காரணத்தைப் புரிந்துகொள்ள மண்ணுக்குள் இறங்க வேண்டும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறாமல் கிடக்கும் நிலத்தை நிரந்தர உறைமண் என்கிறார்கள். இரண்டு ஆண்டு என்பது குறைந்தபட்ச வரையறைதான். ஆர்க்டிக்கில் பல இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்த மண் உண்டு. சைபீரியாவின் யாகுட்டியாவில் அது 1,000 மீட்டருக்கும் கீழே போகிறது. கோடையில் மேலே ஓர் அடுக்கு மட்டும் இளகும். குளிரில் மறுபடி உறையும். முப்பது சென்டிமீட்டரோ ஒன்றிரண்டு மீட்டரோ உள்ள இந்த மேலடுக்கில்தான் பாசியும் புதரும் வேர்விடுகின்றன, மழைநீரும் பனிநீரும் ஓடுகின்றன. அதற்குக் கீழே நீர் இறங்க முடியாது. துளைகளையெல்லாம் பனிக்கட்டி அடைத்திருக்கும்.

ஆர்க்டிக் நீரின் தரத்துக்கு அடிப்படையே இந்த அடைப்புதான். பெய்யும் நீர் மக்கிய தழைப்படுகை வழியாக வழிந்து ஆற்றுக்குப் போய்விடும்; கீழே பாறையில் என்ன இருக்கிறது என்று அந்த நீருக்குத் தெரியவே தெரியாது. இப்போது ஆர்க்டிக் உலக சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிக்கொண்டிருக்கிறது. இளகும் அடுக்கு ஆண்டுக்காண்டு ஆழமாகிறது. நீர் கீழே இறங்குகிறது; ஆயிரமாண்டுகளாகத் தன்மேல் நீரும் காற்றும் படாமல் கிடந்த பாறைத்துகளைத் தொடுகிறது.

ப்ரூக்ஸ் மலையில் அந்தப் பாறைகளில் பைரைட் நிறைய இருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். உடைத்துப் பார்த்தால் பொன்போல் மின்னும். உறைந்து கிடக்கும்வரை அது சாதுவான கல். நீரும் ஆக்சிஜனும் ஒன்றாகச் சேர்ந்து அதைத் தொட்டால் கந்தகம் கந்தக அமிலமாகிறது, இரும்பு கரைந்து நீருக்குள் போகிறது. கரைந்த இரும்பு மேலும் ஆக்சிஜனைப் பிடித்து இன்னொரு வடிவத்துக்கு மாறும்போது, அதுவே திரும்ப மிச்சமுள்ள பைரைட்டைத் தாக்கத் தொடங்குகிறது. இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் இந்த வேலையைப் பல மடங்கு விரைவுபடுத்துகின்றன. ஒருமுறை தொடங்கிவிட்டால் தன்னைத்தானே ஊட்டிக்கொண்டு ஓடும் வினை இது.

சுரங்கப் பொறியாளர்களுக்கு இந்த வேதியியல் புதிதல்ல. கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலும் செம்புச் சுரங்கங்களிலும் அமிலநீர் கசிந்து ஆறுகளைக் கொல்வது உலகம் முழுக்கப் பார்த்த கதை. சுரங்கம் தோண்டுகிறவர்கள் பாறையை உடைத்துக் காற்றுக்குக் காட்டுகிறார்கள்; ப்ரூக்ஸ் மலையில் அந்தக் காரியத்தை வெப்பம் செய்துவிட்டது. அளந்த மாதிரிகளில் மிக மோசமானதில் பி.எச். அளவு 2.3. அப்பகுதி ஆறுகளின் வழக்கமான அளவு 8ஐ ஒட்டி இருக்கும். பி.எச். அளவுகோலில் ஓர் அலகு குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. எனவே 8க்கும் 2.3க்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ ஐந்து லட்சம் மடங்கு. அப்படிப்பட்ட கசிவு வெளிப்படும் சரிவில் பாசியும் புல்லும் கருகிப்போய்க் கறுப்புத் திட்டாகத் தெரிகின்றன.

அமிலம் போகிற வழியில் பாறையிலுள்ள மற்ற உலோகங்களையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. துத்தநாகம், நிக்கல், செம்பு, காட்மியம், அலுமினியம் எல்லாம் கிளம்பி வருகின்றன. இந்தக் கசிவு கீழே வந்து நல்ல ஆற்றில் கலக்கும்போது அமிலம் நீர்த்துப்போகிறது. உடனே இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரண்டு மிதக்கிறது. நாம் பார்க்கும் செம்மஞ்சள் நிறம் அதுதான். சில ஓடைகளில் அலுமினியம் வெள்ளைக் கலங்கலாகத் திரள்கிறது. கலங்கல் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றினால் பானையின் அடியில் பஞ்சு பஞ்சாகப் படிவதும் இதே அலுமினிய ஹைட்ராக்சைடுதான். வீட்டில் அது அழுக்கை இழுத்துக்கொண்டு அடியில் தங்கி நமக்கு நன்மை செய்கிறது, ஆற்றில் அது கூழாங்கற்களின் மேலும் மீனின் செவுள்களின் மேலும் படிகிறது.

நிறம் கண்ணை உறுத்துவதால் அதுதான் கேடு என்று நினைத்துவிடக் கூடாது. இரும்பு திரண்டு வெளியேறிவிடும் நிலையிலும் துத்தநாகமும் காட்மியமும் கரைந்தபடியே நீரில் தங்கிவிடும். இன்னும் கீழே போனால் ஆறு தெளிந்துவிட்டதுபோலத் தெரியும். அந்தத் தெளிவை நம்பக் கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும். பேடி சல்லிவன், ரோமன் டயல், டிமத்தி லயன்ஸ் ஆகியோர் 2025இல் வெளியிட்ட ஆய்வில், சால்மன் ஆற்று நீரில் இரும்பும் அலுமினியமும் காட்மியமும் நீர்வாழ் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த வரம்புகளைத் தாண்டியிருந்தன. மீனின் உண்ணக்கூடிய தசையில் இருக்கும் அளவு இப்போதைக்கு மனிதருக்குக் கேடில்லை என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் வீண் பீதியோ வீண் நிம்மதியோதான் மிஞ்சும்.

மீனுக்குக் கேடு தசையில் ஏறும் நஞ்சால் மட்டும் வருவதில்லை. சால்மன் மீன் கூழாங்கல் படுகையில் குழி பறித்து முட்டையிடும். கற்களுக்கு இடையே நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். நுண்ணிய துருச் சேறு அந்த இடைவெளிகளை அடைத்தால் முட்டை மூச்சுத் திணறிச் சாகிறது. கல்லின் அடியில் வாழும் பூச்சிப் புழுக்கள் குறைகின்றன; அவற்றைத் தின்று வளரும் மீன்குஞ்சுகளுக்கு இரை இல்லை. கோபுக் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவில் அகிலிக் ஆற்றின் கிளையோடை ஒன்று 2017க்கும் 2018க்கும் இடையே நிறம் மாறியது. அதோடு அதில் வாழ்ந்த டாலி வார்டன் மீனின் குஞ்சுகளும் ஸ்கல்பின் என்ற சிறு மீனும் அடியோடு காணாமல் போயின. ஓராண்டில் ஓர் ஓடையின் மீன்வளம் துடைத்தெடுக்கப்பட்டது.

இதே மலைத்தொடரின் மேற்குச் சரிவிலிருந்து சுக்சி கடலுக்கு ஓடும் ஆறு வூலிக். அதன் முகத்துவாரத்துக்கு அருகே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் கிவலினா என்ற ஊர் இருக்கிறது. இனுபியாட் பழங்குடி மக்கள் சில நூறு பேர் வாழ்கிறார்கள். கோடையில் வூலிக் ஆற்றிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் குழாய் வழியாக நீரை இறைத்துப் பெரிய தொட்டிகளில் நிரப்பிக்கொள்வார்கள். ஆறு உறைந்து கிடக்கும் நீண்ட மாதங்களுக்கு அந்த இருப்புதான் ஊருக்குக் குடிநீர். பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் இணைப்பு கிடையாது. பொது நிலையத்தில் பிடித்துச் சுமந்து வருகிறார்கள். வூலிக்கின் டாலி வார்டன் அவர்களின் முக்கிய உணவுகளில் ஒன்று.

இந்த ஏற்பாட்டில் ஒரு நெருக்கடி ஒளிந்திருக்கிறது. ஆண்டு முழுவதுக்குமான நீரைக் கோடையில் மட்டுமே பிடிக்க முடியும். மண் மிக ஆழமாக இளகுவதும் அதே கோடையில், அதன் பிற்பகுதியில். வேறு மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட அவர்களுக்கு வழியில்லை. வூலிக்கின் துணையோடைகளும் நிறம் மாறிய பட்டியலில் இருக்கின்றன.

வூலிக்கின் மேற்பகுதியில் 1989 முதல் ரெட் டாக் என்ற பெரிய துத்தநாகச் சுரங்கம் இயங்குகிறது. ரெட் டாக் ஓடை சுரங்கம் வருவதற்கு முன்பே இயற்கையாக உலோகம் கசிந்து மீன் தங்காத ஓடையாக இருந்தது. அந்தக் கசிவுதான் அங்கே தாது இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. சுரங்கம் தன் கழிவுநீரைச் சுத்திகரித்து, அனுமதித்த வரம்புக்குள் ஓடையில் விட வேண்டும். 2019க்குப் பிறகு, சுற்றுப்புறத்தில் உறைமண் இளகியதால் ஓடையின் மேற்பகுதியிலிருந்தே கரைந்த உப்புகள் அதிகமாக வரத் தொடங்கின. வரம்பில் மிச்சம் இடமே இல்லாமல் போக, சுரங்கம் தன் நீரை வெளியே விட முடியாமல் தேக்கிவைக்க நேர்ந்தது. நீர்த் தரச் சட்டங்கள் எல்லாமே இயற்கை நீர் ஏறக்குறைய மாறாது என்று வைத்துக்கொண்டு, அதன்மேல் மனிதர் எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்குப் போடுபவை. அடித்தளமே நகரும்போது அந்தக் கணக்கு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

கிவலினா மக்கள் நீதிமன்றத்தையும் நாடிப் பார்த்தவர்கள். உலகம் சூடாவதால் கடல் பனி குறைந்து, அலை கரையை அரித்து ஊர் அழிகிறது என்று 2008இல் எக்ஸான்மோபில் உள்ளிட்ட எண்ணெய், மின், நிலக்கரி நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டார்கள். 2009இல் தள்ளுபடியானது, 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது, 2013இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. குழாய்முனையில் கழிவு கொட்டும் ஆலை ஒன்று இருந்தால் மூடச் சொல்லலாம், அபராதம் கேட்கலாம். மலைச்சரிவு முழுவதும் ஆயிரம் இடத்தில் கசியும்போது யாரை எதிர்வாதியாக நிறுத்துவது? சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறிக்கும் சுரங்கத் தொழில்நுட்பமும் சாலையில்லாத மலையில் 75 ஓடைகளுக்குக் கைகொடுக்காது. எனக்கு இந்த ஆறுகளைப் பற்றி மிகவும் வேதனை தருவது இதுதான்: கெடுத்தவர்கள் தொலைவில் இருக்கிறார்கள், குடிப்பவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

இனி ஆர்க்டிக் முழுவதையும் பார்ப்போம். உலகக் கடல்நீரில் ஆர்க்டிக் பெருங்கடலின் பங்கு ஒரு விழுக்காடு அளவுதான். உலக ஆறுகள் கொட்டும் நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதில் போய்ச் சேர்கிறது. ஓப், யெனிசேய், லெனா, கோலிமா, மெக்கன்சி என்று பேராறுகள் உறைமண்ணைக் கடந்து வடக்கே போகின்றன. நிலத்தில் நடக்கும் மாற்றத்தை அந்தக் கடல் வெகு சீக்கிரம் உணரும். பேரிங் கடலுக்குப் போகும் யூகான் ஆற்றில் 1980களிலிருந்து முப்பதாண்டுக் கால அளவீடுகளை வைத்துப் பார்த்தபோது கால்சியம், மக்னீசியம், சல்பேட் எல்லாம் கூடிவந்திருக்கின்றன. நீர் முன்னைவிட ஆழத்தில் பாறையைத் தொட்டு வருகிறது என்பதற்கு அது சான்று.

பாறை மட்டுமல்ல, மக்காத தழைமண்ணும் இளகுகிறது. பாதரசம் அங்கேதான் இருக்கிறது. எரிமலை வழியாகவும் நிலக்கரிப் புகை வழியாகவும் காற்றில் சேரும் பாதரச ஆவியை டுண்ட்ராச் செடிகள் இலை வழியே உறிஞ்சுகின்றன. செடி மடிந்தாலும் குளிரில் முழுதாக மக்குவதில்லை. மண்ணோடு அது உறைந்துவிட, மேலே அடுத்த தலைமுறைச் செடி வளர்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள். பால் ஷூஸ்டரும் உடனாய்வாளர்களும் 2018இல் போட்ட கணக்கில் வட அரைக்கோள உறைமண் பகுதிகளின் மண்ணில் 16 லட்சம் டன்னுக்கு மேல் பாதரசம் இருப்பதாகவும், அதில் ஏறக்குறைய பாதி உறைந்த அடுக்கில் இருப்பதாகவும் வந்தது. பின்னால் வந்த கணக்குகள் அதைப் பெருமளவு குறைத்திருக்கின்றன. குறைத்த பிறகும் அது மிகப் பெரிய இருப்புதான்.

பாதரசம் மண்ணில் கிடப்பதால் உடனடி ஆபத்தில்லை. இளகிய நிலம் தாழ்ந்து குட்டையாகி, ஆக்சிஜன் இல்லாத சேறு உருவாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. உடலுக்குள் போனால் எளிதில் வெளியேறாத வடிவம் அது. நுண்ணுயிரிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து சிறு மீனுக்கு, சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கு, அங்கிருந்து சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் படிப்படியாகச் செறிந்துகொண்டே போகிறது. இந்த வரிசையின் முடிவில் இருப்பவர்கள் சீலையும் மீனையும் உண்டு வாழும் ஆர்க்டிக் பழங்குடியினர். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையின் முகப்புரையே ஆர்க்டிக்கின் சூழலையும் அங்குள்ள பழங்குடியினரையும் குறிப்பிட்டுச் சொல்கிறது. உலகம் புகை விடுவதை இதே போக்கில் கூட்டிக்கொண்டே போனால் 2050 வாக்கில் யூகான் மீன்களில் பாதரசம் அமெரிக்கப் பாதுகாப்பு வரம்பைத் தாண்டக்கூடும் என்று 2020இல் ஒரு கணிப்பு வெளியானது. புகையைக் குறைத்தால் தாண்டாது என்பதும் அதே கணிப்பில் இருக்கிறது. இந்த இரண்டாவது வரி செய்திகளில் அதிகம் வருவதில்லை, அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னவை மண் தானே வைத்திருந்தவை. நாம் கொண்டுபோய் வைத்தவை வேறு இருக்கின்றன.

கனடாவின் மெக்கன்சி ஆற்று முகத்துவாரத்தில் 1960களிலிருந்து 1980கள் வரை எண்ணெயும் எரிவாயுவும் தேடி ஏராளமான கிணறுகள் துளைத்தார்கள். துளைக்கும்போது சேறும் உப்புக் கரைசலுமாகக் கழிவு மிஞ்சும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் உறைமண்ணில் ஒரு பெரிய குழி வெட்டுவது, கழிவை அதில் கொட்டுவது, வெட்டிய மண்ணையே மேலே மேடாகப் போட்டு மூடுவது. குழி உறைந்துவிடும், கழிவு அங்கேயே நிற்கும், கதை முடிந்தது என்பது எண்ணம். அரசு அனுமதித்த, எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறைதான் இது. அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட குழிகள் அங்கே இருக்கின்றன.

பின்னால் நடந்ததைக் கவனித்தால் மண் எவ்வளவு நுட்பமான சமநிலையில் இருந்தது என்பது புரியும். குழியை மூடிய மேட்டு மண் சுற்றுப்புறத்தைவிடச் செழிப்பானது. அதில் வில்லோவும் ஆல்டரும் ஆளுயரத்துக்கு வளர்ந்தன. உயரமான புதர் காற்றில் பறக்கும் பனியைப் பிடித்து நிறுத்தும். மேட்டின்மேல் பனி தடிமனாகக் குவிந்தது. தடித்த பனி குளிரை மண்ணுக்குள் இறங்கவிடாது. அதனால் குளிர்காலத்திலும் அடியிலுள்ள மண் போதிய அளவு குளிரவில்லை. இதோடு துளைப்புக் கரைசலில் பொட்டாசியம் குளோரைடு இருந்தது. உப்பு கலந்த நீர் பூஜ்ஜியத்தில் உறையாது, இன்னும் கீழே போக வேண்டும். ஆக, குழி இளகத் தொடங்கியது, மேடு நடுவில் குழிந்தது, குழிந்த இடத்தில் நீர் தேங்கி மேலும் வெப்பத்தை உள்ளே அனுப்பியது. பக்கத்து ஏரிகளில் உப்புத்தன்மை கூடியதையும், ஏரிச் சேற்றில் படிந்த நுண்ணுயிர் எச்சங்கள் மாறியதையும் ஆய்வாளர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். உலகம் சூடாவது இதற்கு மேல் வந்து சேர்ந்த சுமை.

ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரத்தில் நடந்தது உலகறிந்த செய்தி. ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடக்கே, நிக்கல் சுரங்கங்களுக்காக எழுந்த நகரம் அது. 2020 மே 29 அன்று ஓர் அனல் மின்நிலையத்தின் டீசல் தொட்டி, அடியிலிருந்த தூண்கள் அமிழ்ந்து உடைந்தது. 21,000 டன்னுக்கு மேல் டீசல் வெளியேறி, பெரும்பகுதி டால்டிகான், அம்பர்னயா ஆறுகளில் கலந்தது. ஆறு சிவப்பாக ஓடும் படங்கள் உலகெங்கும் பரவின. மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் உறைமண் இளகியதைக் காரணமாகச் சொன்னது. அரசின் தொழில்நுட்பக் கண்காணிப்புத் துறை வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. இந்தச் சர்ச்சையில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மண் இளகும் என்று தெரிந்த பிறகும் அதன்மேல் நிற்கும் தூணைச் சோதிக்காமல் விட்டால் அது பராமரிப்புக் குறைதான். 2021இல் நீதிமன்றம் ஏறத்தாழ 146 பில்லியன் ரூபிள் இழப்பீடு விதித்தது, நிறுவனம் கட்டியது. கோடைக்காலம் குறுகிய, தண்ணீர் எப்போதும் குளிர்ந்த நாட்டில் எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்யும். பணம் கட்டியதால் அந்த வேகம் கூடாது.

நோரில்ஸ்க்கைப் போன்ற இடங்கள் எத்தனை? மோரிட்ஸ் லாங்கர் தலைமையிலான குழு 2023இல் இதைக் கணக்கிட்டது. ஆர்க்டிக் உறைமண் பகுதியில் அபாயகரமான பொருள்களைக் கையாளும் தொழிலிடங்கள் ஏறத்தாழ 4,500. அவற்றையொட்டி மாசடைந்த இடங்கள் 13,000 முதல் 20,000 வரை இருக்கலாம் என்றது அந்த ஆய்வு. டீசல், சுரங்கக் கழிவு, கன உலோகங்கள், பழைய ராணுவ முகாம்களின் மிச்சம் எல்லாம் இதில் அடக்கம். பல இடங்களில் எது எங்கே புதைக்கப்பட்டது என்ற பதிவே சரியாக இல்லை.

பதிவு தெளிவாக இருக்கும் ஓரிடத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கனடாவின் யெல்லோநைஃப் நகரை ஒட்டிய ஜயன்ட் தங்கச் சுரங்கம். 1948 முதல் 2004 வரை இயங்கியது. அங்கே தங்கம் ஆர்செனிக்கோடு பிணைந்த தாதுவில் இருந்தது. தாதுவை வறுத்தால்தான் தங்கம் பிரியும். வறுக்கும்போது ஆர்செனிக் ட்ரையாக்சைடு என்ற வெள்ளைத் தூள் புகையோடு வெளியேறும். நீரில் கரையும் கொடிய நஞ்சு. முதல் சில ஆண்டுகள் அது புகைபோக்கி வழியாக அப்படியே வெளியே போய், சுற்றிலும் பனிமேல் படிந்தது. அக்கரையில் வாழ்ந்த டெனே பழங்குடியினர் குளிர்காலத்தில் பனியை உருக்கித்தான் குடித்தார்கள். 1951இல் ஒரு டெனே குழந்தை அந்த நீரால் இறந்தது. குடும்பத்துக்கு 750 டாலர் கொடுக்கப்பட்டது.

அதற்குப் பிறகு தூளைப் பிடித்து நிலத்தடிக்கு அனுப்பினார்கள். சுரங்கத்துக்குள் வெட்டிய அறைகளிலும், தாது எடுத்து முடித்த குடைவுகளிலும் காற்றழுத்தத்தால் ஊதி நிரப்பி, வாயைக் கான்கிரீட்டால் அடைத்தார்கள். இங்கேயும் மூல நம்பிக்கை அதேதான்: சுற்றியுள்ள உறைமண் அறைகளை மூடிக்கொள்ளும், நீர் உள்ளே வராது. ஆனால் சுரங்கமே நிலத்தைச் சூடாக்கியது. திறந்தவெளிக் குழிகள் வெட்டினார்கள், காற்று உள்ளே போனது, உறைமண் பின்வாங்கியது. 1999இல் சுரங்க நிறுவனம் திவாலாக, 2,37,000 டன் ஆர்செனிக் தூள் கனடா அரசின் தலையில் விழுந்தது. நிலத்தடி நீர் அறைகளைத் தொட்டுவிடாமல் அன்றுமுதல் இன்றுவரை இடைவிடாமல் இறைத்து, சுத்திகரித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே கிரேட் ஸ்லேவ் ஏரி. யெல்லோநைஃப் நகரம் ஆர்செனிக்குக்கு அஞ்சி 1960களின் இறுதியிலிருந்தே தன் குடிநீரைச் சுரங்கத்துக்கு மேலேயுள்ள ஆற்றிலிருந்து ஏரியடிக் குழாய் வழியாகக் கொண்டுவருகிறது.

இப்போது நடந்துகொண்டிருக்கும் திட்டம், இழந்த உறைநிலையைச் செயற்கையாகத் திரும்பக் கொண்டுவருவது. அறைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கில் தெர்மோசைஃபன் குழாய்களை இறக்குகிறார்கள். இரு முனையும் மூடிய குழாய். உள்ளே அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு. அடியிலுள்ள திரவம் மண்ணின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகி மேலே ஏறும். தரைக்கு வெளியே நீட்டியிருக்கும் பகுதியில் குளிர்காற்று பட்டு மீண்டும் திரவமாகிக் கீழே வழியும். மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஆனால் வெளிக்காற்று மண்ணைவிடக் குளிர்ந்திருக்கும்போதுதான் அது வேலை செய்யும். குளிர்காலம் சுருங்கச் சுருங்க அதன் வேலைநேரமும் சுருங்கும். முழுச் சீரமைப்புக்கான மதிப்பீடு 4.38 பில்லியன் கனடிய டாலர்.

2014இல் இந்தத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தபோது டெனே மக்களும் நகரவாசிகளும் போராடிப் பெற்ற நிபந்தனைகள் முக்கியமானவை. தூளை என்றென்றைக்கும் உறைய வைத்தே காப்போம் என்ற மூலத் திட்டத்தை அவர்கள் ஏற்கவில்லை. உறைய வைப்பது 100 ஆண்டுகளுக்கு மட்டும். 20 ஆண்டுக்கு ஒருமுறை வேறு வழி உண்டா என்று வெளியார் மறுஆய்வு செய்ய வேண்டும். அரசைச் சாராத கண்காணிப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். நிரந்தரத் தீர்வுக்கான ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அந்தக் குழு இப்போது இயங்குகிறது. ஆர்செனிக் தூளை நீரில் கரையாத கண்ணாடியாக உருக்கி மாற்றுவது, கரையாத கனிமமாக மாற்றுவது என்று பல வழிகளைச் சோதிக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. மண்ணோ குளிரோ காக்கும் என்று நம்பாமல், நஞ்சின் தன்மையையே மாற்றப் பார்க்கும் முயற்சிகள் இவை.